கல்விச் சுற்றுலாவுக்கு ஓர் இடம் போதும்

கொழும்புப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். காலையில் தேசிய நூதனசாலை, அடுத்து கோள்மண்டலம், சுதந்திர சதுக்கம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, வழியில் ஒரு கோயில், கடைசியில் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை. ஒரு பஸ், ஆறு இடம், நாற்பத்தைந்து பிள்ளைகள்.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பத்தைந்து பேர் பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நின்று, எண்ணி முடிக்கப் 10 நிமிடம். திரும்ப ஏறி எண்ண இன்னொரு 10. ஆறு இடத்துக்கும் இதுவே இரண்டு மணித்தியாலம். இடங்களுக்கு இடையே கொழும்பு வாகன நெரிசலில் இன்னும் இரண்டு மணித்தியாலம். சாப்பாடு, கழிப்பறை, தண்ணீர்ப் போத்தல் நிரப்புதல் எல்லாம் சேர்த்து ஒன்றரை. காலை 8 மணிக்குப் புறப்பட்டு 3 மணிக்குத் திரும்பினால் மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம், அதாவது இடத்துக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை செய்யக்கூடியது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான்.

உல்லாசப் பயணம் போவதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். அதைக் களக்கற்றல் என்று கோப்பில் எழுதுவதுதான் சிக்கல். கற்றலுக்காகப் போவதென்றால் ஓர் இடம், ஒரு கேள்வி, அரை நாள். கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'நூதனசாலையைப் பற்றி அறிதல்' என்பது கேள்வி ஆகாது. அங்கே போய் நின்று பார்த்தாலோ அளந்தாலோ எண்ணினாலோ மட்டும் விடை கிடைக்க வேண்டும். பாடப்புத்தகத்திலோ கூகிளிலோ கிடைக்கக்கூடாது. இந்தச் சோதனையில் தேறாத கேள்விக்காக பஸ் பிடிக்கத் தேவையில்லை.

தேசிய நூதனசாலையையே எடுத்துக்கொள்வோம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே ஆயிரக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. தமிழ்மொழி மூல வகுப்பு ஒன்றுக்கு அவற்றில் இரண்டே போதும்.

முதலாவது, காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. அதில் உள்ள ஆண்டு 1409. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடையது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். ஏன் மூன்று மொழி, ஏன் மூன்று தெய்வம், ஏன் ஒரே அளவு காணிக்கை? யார் யார் இதை வாசிப்பார்கள் என்று அந்தக் கப்பல்காரர் நினைத்திருக்க வேண்டும்? தரம் 8 பிள்ளைகள் இந்தக் கேள்விகளில் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். வகுப்பில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. பாரசீகப் பகுதி நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் அரபு எழுத்து தெரிந்த கண்ணுக்கு ஓரிரு எழுத்துகள் பிடிபடலாம். தமிழ் எழுத்தும் இன்றைய வடிவம் இல்லை. முதல் நாளே அந்தக் கல்வெட்டின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பில் கொடுத்து, க, த, ன, ர ஆகிய நான்கு எழுத்தை மட்டும் தேடிப் பழக்கிவிட வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் போனால் கல்லின் முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கமாட்டார்கள்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலத் திருமேனிகள். நடராசரும் நாயன்மாரும் இருக்கிறார்கள். சோழர் காலத்தை வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு பக்கமாகவும், தேவாரத்தைச் சைவநெறிப் பாடத்தில் வேறாகவும் படித்த பிள்ளைக்கு, இரண்டும் ஒன்றாக நிற்பது அங்கேதான் தெரியும்.

நடைமுறையில் பிழை நேரும் இடங்கள் இரண்டு. கல்வெட்டின் முன்னால் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நாற்பது பேரை எட்டெட்டாக ஐந்து குழுவாக்கி, குழுவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் எல்லோரும் பார்த்து முடிய எழுபத்தைந்து நிமிடம். அதுவரை மற்ற நான்கு குழுவுக்கும் வேறு அறைகளில் வேலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், காவலர் சத்தம் போடுவார். அடுத்தது வினாத்தாள். 'இச்சிலை எந்த நூற்றாண்டுக்குரியது?' என்று கேட்டால் பிள்ளை சிலையைப் பார்க்காது, பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதும். பலகையில் விடை உள்ள கேள்விகள் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். 'வலது கை என்ன செய்கிறது? இதைச் செய்தவர் எந்தப் பக்கத்தில் அதிகம் உழைத்திருக்கிறார்? பின்பக்கம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் சுற்றி வந்து பார்த்தே ஆக வேண்டும். போனில் படமெடுப்பதைவிடப் பென்சிலால் வரைவது நல்லது. வரைகிற பிள்ளை ஒரு சிலையை ஐந்து நிமிடமாவது பார்க்கும். படமெடுக்கிற பிள்ளை திரையைத்தான் பார்க்கும். ஓவியம் கோணலாக இருப்பது பற்றிக் கவலை வேண்டாம், புள்ளியும் போட வேண்டாம்.

ஈரநிலத்துக்குப் போவதென்றால் கோட்டே பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் மரப்பலகை நடைபாதை இருப்பதால் சேற்றில் இறங்கத் தேவையில்லை. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அதை மனப்பாடம் செய்வதைவிட, இந்தச் சதுப்பு இல்லாவிட்டால் மழை வெள்ளம் எங்கே போய் நிற்கும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்வது மேல். பறவை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் நேரம் முக்கியம். வெயில் ஏறிய பிறகு பறவைகள் அடங்கிவிடும். பாடசாலையில் கூடி 8 மணிக்குப் புறப்பட்டால் போய்ச் சேரும்போது பாதி முடிந்துவிட்டிருக்கும். பூங்கா வாயில் எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, பெற்றோரை நேரே அங்கே கொண்டுவந்து விடச் சொல்வது ஒரு வழி.

எண்ணும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. நடந்துகொண்டு எண்ணக்கூடாது. குழு ஓர் இடத்தில் நின்று, இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்து, பிறகு ஐந்து நிமிடம் எண்ண வேண்டும். நீர்க்காகம் மூழ்கி வேறிடத்தில் எழும். அதையே நான்கு தடவை எண்ணி நான்கு என்று எழுதுவார்கள். ஒவ்வோர் இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகூடிய எண்ணிக்கையை மட்டும் எழுதுவது என்று விதி வைத்தால் இது தீரும். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் கண்டுபிடித்துத் திண்டாட வேண்டாம். 'நீண்ட கால், பழுப்பு, தனியாக' என்று எழுதினால் போதும், பெயரை மறுநாள் தேடலாம். வெப்பநிலை அளப்பதானால் வெப்பமானிகள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே வாளித் தண்ணீரில் போட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூட வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று ஒரு பாகை, இரண்டு பாகை வேறுபடுவது சாதாரணம். பூங்காவுக்கும் தார் வீதிக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான் வரலாம். வெயிலில் நேரே பிடித்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் வெயிலில் சூடானதைக் காட்டும். அட்டையால் நிழல் பிடித்து மூன்று நிமிடம் பொறுத்து வாசிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து. காலில் புண் உள்ள பிள்ளை தண்ணீரில் கால் வைக்கவே கூடாது, எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

இனி, பஸ்ஸே தேவைப்படாத ஒன்று. நேரசூசிக்கு வெளியே செய்யக்கூடிய செயற்பாடுகளில் இதற்கு ஈடானது கொழும்பில் வேறில்லை என்று அடித்துச் சொல்லலாம். கொழும்புப் பாடசாலை ஒன்றும் யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றும் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளப்பது. கிரேக்க அறிஞர் எரதொஸ்தெனீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் செய்த அதே வேலை. அதற்கு ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது இருக்கும் இரண்டு ஊர்கள் வேண்டும். கொழும்பும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய அப்படியே அமைந்திருக்கின்றன. நெடுங்கோட்டில் வித்தியாசம் ஒரு பாகையின் ஆறில் ஒரு பங்குதான். யாழ்ப்பாணத்தில் சித்தப்பா, மாமி இல்லாத தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பு வகுப்பறையில் குறைவு. இணைப் பாடசாலை தேடுவது கஷ்டமான காரியமில்லை.

நாள்: பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் மார்ச் 20 அல்லது 21, இல்லாவிட்டால் செப்ரெம்பர் 22 அல்லது 23. செப்ரெம்பரில் கொழும்பில் முகில் தொல்லை கூட, ஆகவே மார்ச் நல்லது. சூரியன் உச்சத்துக்கு வருவது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அல்ல. மார்ச்சில் 12.18 அளவிலும் செப்ரெம்பரில் 12.03 அளவிலும் வரும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். எப்படியும் பாடசாலை விடுவதற்கு முன்னரே முடிந்துவிடும்.

வழக்கமாகச் செய்வது, தடி நட்டு அதன் நிழலை அளப்பது. அதில் இரண்டு குறை. தடி ஒரு பாகை சரிந்தாலே போதும், கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். இரண்டு ஊரின் நண்பகல் சூரியக் கோணங்களுக்கு இடையே நாம் தேடும் வித்தியாசமே 2.7 பாகைதான். அத்தோடு நிழலின் நுனி கூராக விழாது. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஒரு மீற்றர்த் தடியின் நிழல் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கலாகத்தான் தெரியும். எந்த இடத்தில் கோடு போடுவது என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்.

இரண்டு குறையையும் சேர்த்துத் தீர்க்கும் வழி இது. மணல் நிரப்பிய பெயின்ற் வாளியில் ஒரு மீற்றரை விடச் சற்று நீளமான தடியை நட்டு, அதன் தலையில் தபாலட்டை அளவு தடித்த அட்டை ஒன்றைக் கிடையாகக் கட்ட வேண்டும். அட்டையின் நடுவில் 5 மில்லிமீற்றர் துளை. கீழே மட்டமான பலகையில் ஏ3 தாள் ஒட்டியிருக்க வேண்டும். பலகை மட்டமா என்பதை மேசன் வைத்திருக்கும் மட்டக்கோலால் இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். துளையிலிருந்து தாள் வரை சரியாக 100 சென்ரிமீற்றர். துளை வழியாகத் தூக்குக்குண்டு நூலை இறக்கி, குண்டின் நுனி தொடும் இடத்தைத் தாளில் குறித்துவிட்டு நூலை எடுத்துவிடலாம். அளவுகள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் என்பதால் தடி சரிந்திருந்தாலும் கவலையில்லை. வேலை முடியும்வரை அசையாமல் இருந்தால் போதும். காற்றடிக்கும் மைதானத்தில் தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். குறிக்கும் அந்த ஒரு நிமிடம் நான்கு பேர் சுற்றி நின்று காற்றை மறைக்க வேண்டும். புள்ளி தாளின் தெற்கு ஓரத்துக்குக் கிட்டவாக வரட்டும், ஒளி வடக்கே விழும்.

துளையூடாகத் தாளில் விழுவது சூரியனின் சிறு வட்ட விம்பம். அதன் மையத்தைக் குறிப்பது இலகு. எதிர்பார்க்கும் உச்ச நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் தொடங்கி 20 நிமிடம் பின்வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. யாரும் துளை வழியாக மேலே பார்க்கக் கூடாது, ஒரு கணமேனும். இந்த நாட்களில் மட்டும் புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். இடையில் முகில் மறைத்து ஐந்தாறு புள்ளி தவறினாலும் மிச்சத்தை வைத்துக் கோடு இழுக்கலாம். தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள மிகக் குறுகிய தூரம்தான் நண்பகல் நிழல். கொழும்பில் அது 12 சென்ரிமீற்றர் அளவில் வரும், யாழ்ப்பாணத்தில் 17.

கொழும்பு 12.2, யாழ்ப்பாணம் 17.0 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். துளையின் உயரமான 100ஆல் வகுத்து, 0.122க்கும் 0.170க்கும் நேர்மாறு தான்சன் (கணிப்பானில் tan⁻¹) எடுத்தால் 6.96 பாகை, 9.65 பாகை. வித்தியாசம் 2.69. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரம் சுமார் 302 கிலோமீற்றர். 2.69 பாகைக்கு இந்தத் தூரம் என்றால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு? 360ஐ 2.69ஆல் வகுத்து 302ஆல் பெருக்கினால் 40,400 கிலோமீற்றர் அளவில் வரும். துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,000க்குச் சற்று மேல்.

இனித்தான் பாடம். யாழ்ப்பாணத்தார் 17.0க்குப் பதில் 17.5 என்று அளந்திருந்தால் விடை 36,600 ஆகிவிடும். அரைச் சென்ரிமீற்றரில் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர் போய்விடுகிறது. அளவீட்டில் வழு என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. அடிக்கடி நடக்கும் வேறு பிழைகளும் இருக்கின்றன. தூரத்துக்கு பஸ் ஓடும் தூரத்தைப் போடுவார்கள். அது 400 கிலோமீற்றர் அளவு, விடை 53,000ஐத் தாண்டும். போன் கணிப்பான் பாகைக்குப் பதில் ஆரையன் (radian) நிலையில் இருந்தால் 6.96 வரவேண்டிய இடத்தில் 0.12 வரும். பாகைமானியால் கோணத்தை அளக்க முயன்றால் அரைப் பாகை வழு தப்பாது. அதுவே ஐந்தில் ஒரு பங்குப் பிழை. இங்கே முகில் என்பதால் கொழும்பு இன்றும் யாழ்ப்பாணம் நாளையும் அளந்தால், இந்த நாட்களில் சூரியன் ஒரு நாளைக்கு 0.4 பாகை வடக்கு-தெற்காக நகர்வதால் ஏழில் ஒரு பங்கு பிழைக்கும். இரண்டு பாடசாலையும் ஒரே நாளில் அளப்பது கட்டாயம். நாள் தவறினால் அடுத்த நாளை இருவருமாகத் தெரிவுசெய்ய வேண்டும். ஆகவே அடுத்தடுத்து மூன்று நாளை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது புத்தி.

ஏப்ரல் 7 அளவில் கொழும்பில் 12.13க்கு நிழலே விழாது, சூரியன் நேர் உச்சியில். அன்று யாழ்ப்பாணத்துத் துளையின் கோணம் மட்டுமே போதும், எரதொஸ்தெனீஸ் செய்தது அப்படித்தான். புத்தாண்டு விடுமுறைக்குக் கிட்டவாக வருவதால் பாடசாலை இருக்குமா என்பதுதான் கேள்வி. செப்ரெம்பர் 5 அளவில் இன்னொரு தடவை வரும், அப்போது 12.09 மணி.

வெளியே போகும் பயணத்துக்குத் திரும்புவோம். அதிபரின் அனுமதி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், வாகனத்தின் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகள். இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்க வேண்டும். சம்மதக் கடிதத்திலேயே ஆஸ்துமா, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து ஆகியவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. இன்ஹேலர் பிள்ளையின் பையில் இருக்கட்டும், பஸ்ஸில் அல்ல. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் ஒவ்வோர் ஆசிரியரின் போனிலும் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்னால், அதே கிழமையில், அதே நேரத்தில் ஓர் ஆசிரியர் தனியாகப் போய் வர வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை. நாற்பது பெண்பிள்ளைகள், இரண்டு கழிப்பறை, ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் எல்லோரும் போய் முடிய ஒரு மணித்தியாலம். நிரலில் அந்த ஒரு மணித்தியாலம் எழுதப்படாமல் இருந்தாலும் அது வரத்தான் போகிறது. குழுச் சுழற்சிக்குள்ளேயே கழிப்பறை நேரத்தையும் ஒரு நிலையமாக வைத்துவிட்டால் பிரச்சினை கரைந்துவிடும்.

தலை எண்ணுவதைவிட எண் சொல்லவைப்பது நல்லது. 1 முதல் 45 வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரந்தர எண். தலை எண்ணினால் ஒருவர் குறைவு என்பது மட்டும்தான் தெரியும். எண் சொன்னால் 23 எங்கே என்று உடனே தெரியும். புறப்படும் நேரம் 8.15க்குப் பின், திரும்பும் நேரம் 1 மணிக்கு முன். இடைப்பட்ட நேரத்தில் காலி வீதி ஓரளவு ஓடும். பாடசாலைகள் விடும் நேரத்தில் மாட்டினால் வெள்ளவத்தைச் சந்தியில் அரை மணித்தியாலம் போகும், பின்னேர ரியூஷனுக்குப் பிந்திய பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

காசு கட்ட முடியாத பிள்ளை வகுப்பில் எப்போதும் இருக்கும், வாய் திறந்து சொல்லாது. 'அன்றைக்குக் காய்ச்சல்' என்று வீட்டில் நிற்கும். அரை நாள் பயணத்தில் சாப்பாட்டுச் செலவு இல்லை, பஸ் வாடகையும் குறைவு. மிச்சத்தைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்கலாம். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பட்டியல் வகுப்புத் தலைவரின் கையில் இருக்கவே கூடாது.

திரும்பி வந்த மறுநாள் முதல் பாடவேளையை, பாட ஆசிரியரிடம் கடன் வாங்கியாவது, பிடித்து வைக்க வேண்டும். வார இறுதி தாண்டினால் நினைவு மங்கிவிடும். அழகான கையெழுத்தில் 'சுற்றுலா அறிக்கை' எழுதச் சொல்ல வேண்டாம். காலையில் 7 மணிக்கு ஆயத்தமானோம் என்று தொடங்கும் நாற்பது கொப்பிகள்தான் வரும். களத்தில் எழுதிய அழுக்குத் தாளை அப்படியே மேசையில் வைத்து, குழுக்களின் எண்களைக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, ஏன் அவை ஒன்றாக இல்லை என்று கேட்க வேண்டும். ஒரு குழு நீர்க்காகம் 9 என்கிறது, அடுத்தது 14 என்கிறது. யார் சரி என்பதை ஆசிரியர் சொல்லிவிடக்கூடாது. எங்கே நின்றீர்கள், எத்தனை மணிக்கு, எப்படி எண்ணினீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கவிட்டால் மணி அடித்த பிறகும் தொடரும்.